43 வாட்ஸ்அப் குழுக்களும் ஒரு மெழுகுவர்த்தியும்: சக ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறைக் குறிப்பு

போன வருடம் அரையாண்டு விடுமுறையில் என் போனில் இருந்த வாட்ஸ்அப் குழுக்களை எண்ணினேன். 43. வட்டாரக் குழு, எமிஸ் (பிள்ளைகளின் விவரம் ஏற்றும் கல்வித் துறைத் தளம்) குழு, சி.ஆர்.சி. (குறுவள மையம்) குழு, ஆசிரியர் சங்கத்தில் இரண்டு, அறிவியல் ஆசிரியர்கள் என்ற பெயரில் மூன்று, 2020 பொதுமுடக்கத்தில் ஏதேதோ வெபினாருக்காகச் சேர்ந்து வெளியே வரவே மறந்துபோன பதினொன்று, ஒரு சீட்டுக் குழு, பி.எட். படித்த கல்லூரிக் குழு... பட்டியல் நீளம். சரி, இத்தனை குழுவில் இருக்கிறோமே, இந்த ஒரு வருடத்தில் இவற்றால் என் வகுப்பில் எதை மாற்றியிருக்கிறேன் என்று நோட்டில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. அந்த இரண்டும் ஒரே குழுவிலிருந்து வந்தவை. அதில் இருப்பது ஒன்பதே பேர்.

நான் செங்கம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஆசிரியராகி 19 வருடம். ஆறு முதல் எட்டு வரை அறிவியல் என்னுடையது. கணக்கு டீச்சர் மாறுதலில் போனதிலிருந்து கணக்கும் என் தலையில். கணினி வித்தகி எல்லாம் இல்லை. போன் தொங்கினால் இன்றைக்கும் எட்டாம் வகுப்புப் பையனிடம்தான் நீட்டுவேன். சமூக ஊடகத்தை ஆசிரியர் வேலைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று பயிற்சியில் இரண்டு பேர் கேட்டார்கள். அப்போது வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டைப் பெருக்குங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குழுக்களை மூன்றாகப் பிரியுங்கள்: ஆணை வரும் குழு, உறவு நட்புக் குழு, கற்கும் குழு. ஆணை வரும் குழுவை விட்டு வெளியே வர முடியாது. அதை மேலே பின் செய்து வையுங்கள். ஆனால் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். நான் காலை ஒன்பதுக்கு ஒருமுறை, மாலை நான்கரைக்கு ஒருமுறை பார்க்கிறேன். "அட்டெண்டன்ஸ் உடனே போடவும்" என்பது மாதிரி அவசரம் ஏதாவது இருந்தால் எச்.எம். போனே செய்துவிடுவார், கவலை வேண்டாம்.

மூன்றாவது வகையில்தான் வெட்டு விழ வேண்டும். ஒவ்வொரு குழுவையும் திறந்து கடைசி ஐம்பது செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, பிடிஎஃப், அதே பிடிஎஃப் மறுபடி, யாரோ ஒருவரின் யூடியூப் சானலை சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லும் செய்தி, இவை மட்டுமே இருந்தால் வெளியேறுங்கள். மனசு சங்கடப்பட வேண்டியதில்லை. 2022-லிருந்து நாம் வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகிறது, முன்பு மாதிரி எல்லோருக்கும் தண்டோரா போடுவதில்லை. வெளியேறக் கூச்சமாக இருந்தால் குழுவை அழுத்திப் பிடித்து ஆர்க்கைவில் போடுங்கள், கண்ணில் படாது. அப்படியே அமைப்புகளுக்குள் போய்ப் படம், வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்திய அன்று பழைய கோப்புகளையும் சேர்த்து அழித்தேன், ஏழு ஜிபி இடம் கிடைத்தது. பாதிக்கு மேல் பண்டிகை வாழ்த்து.

43 இப்போது 14 ஆகிவிட்டது. அதில் கற்கும் குழு என்று நான் சொல்வது நான்கு.

மெழுகுவர்த்தி அணைந்த பிறகு

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணையும், டம்ளருக்குள் தண்ணீர் ஏறும். இந்தச் சோதனையைச் செய்யாத அறிவியல் டீச்சர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். நானும் பாடத்துக்கு முந்தின நாள் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டு போய்ச் செய்தேன். வீடியோவில் சொன்ன விளக்கத்தையே நானும் சொன்னேன்: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், மெழுகுவர்த்தி அதை எரித்துத் தீர்த்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் கொஞ்சம் சிவப்பு மை கலந்திருந்தேன், ஏறுவது பளிச்சென்று தெரிந்தது. எனக்கே பெருமை.

கடைசி பெஞ்சில் இருந்து ஒருவன் எழுந்தான். "மிஸ், ஆக்சிஜன் எரிய எரியத்தானே கொறையும்? அப்ப தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமா ஏறணும்ல? இது அணைஞ்ச அப்புறந்தானே குபுக்குனு ஏறுது?"

மறுபடி செய்தேன். அவன் சொன்னது சரி. சுடர் எரியும்போது தண்ணீர் கிட்டத்தட்ட அசையவே இல்லை. சுடர் மங்கி அணைந்ததும்தான் விறுவிறுவென்று ஏறியது. "நாளைக்குச் சொல்றேன்" என்று உட்கார வைத்தேன். பத்து வருடத்துக்கு மேலாக அதே விளக்கத்தைச் சொல்லியிருக்கிறேன், ஒரு குழந்தையும் அதுவரை இப்படிக் கேட்டதில்லை. அல்லது கேட்கவிடாதபடி வேகமாக அடுத்த பத்திக்குப் போயிருப்பேன்.

அன்றிரவு இரண்டு இடத்தில் கேட்டேன். எழுநூறு பேர் இருந்த ஒரு பெரிய அறிவியல் குழுவில், "மெழுகுவர்த்தி சோதனை பற்றி விளக்கம் தேவை" என்று போட்டேன். எட்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள், ஒருவர் நான் பார்த்த அதே வீடியோவின் இணைப்பை அனுப்பினார், அதற்குள் யாருக்கோ பணி நிறைவு வாழ்த்து வந்து என் கேள்வி மேலே போய்விட்டது. குறை அவர்களுடையது இல்லை. நான் கேட்ட விதம் அப்படி.

முகநூலில் வேறு மாதிரி எழுதினேன், கோபத்தில் எழுதியதால் நீளமாகவே வந்தது. ஏழாம் வகுப்பு, இன்ன சோதனை, நான் இப்படிச் சொன்னேன், ஒரு பையன் இப்படிக் கேட்டான், திரும்பச் செய்து பார்த்ததில் அவன் சொன்னதே நடந்தது, நாளை காலை இரண்டாம் பாடவேளையில் நான் என்ன சொல்வது? பதினொரு மணிக்குள் ஐந்து பதில். அதில் ஒன்று ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து, ஓய்வு பெற்ற ஒரு இயற்பியல் ஆசிரியர். அவர் விளக்கம் எழுதவில்லை. செய்ய வேண்டியதை மட்டும் எழுதினார்: "ஒரு மெழுகுவர்த்திக்கு எவ்வளவு ஏறுதுன்னு பென்சில்ல கோடு போடுங்க. அப்புறம் மூணு மெழுகுவர்த்தி வைங்க. ஆக்சிஜன்தான் காரணம்னா ரெண்டு தடவையும் ஒரே அளவுதானே ஏறணும், டம்ளர் ஒண்ணுதானே? அடுத்து, மெழுகுவர்த்தியே இல்லாம, டம்ளரை வெந்நீர்ல சூடாக்கிக் கவுத்துப் பாருங்க."

மறுநாள் செய்தோம். மூன்று மெழுகுவர்த்திக்குத் தண்ணீர் கோட்டைத் தாண்டி நன்றாக மேலே போனது. சத்துணவுக் கூடத்தில் வெந்நீர் வாங்கி டம்ளரைச் சூடாக்கிக் கவிழ்த்தோம். மெழுகுவர்த்தி இல்லாமலே ஏறியது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழி வெளியேறுவதை ஒரு பெண் பார்த்துச் சொன்னாள். சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் செலவாவது நிஜம்தான், ஆனால் அந்த இடத்துக்குக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வந்துவிடுகின்றன. போதாததற்கு, இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது.

அன்று மாலை முகநூலில் போய் நடந்ததை எழுதினேன், பென்சில் கோடு போட்ட டம்ளர் படத்தோடு. நல்லவேளை எழுதினேன். அதற்குக் கீழே வந்து பேசியவர்கள்தான் பின்னால் அந்த ஒன்பது பேர் ஆனார்கள்.

எப்படிக் கேட்பது

மேலே உள்ள கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், நான் கற்ற எல்லாமே அதில் இருக்கிறது. குழுவுக்குள் போகும்போது கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அது வகுப்பறையில் முளைத்த கேள்வியாக இருக்க வேண்டும். "பின்னம் நடத்த நல்ல டிஎல்எம் (கற்பித்தல் துணைக்கருவி) இருந்தால் அனுப்பவும்" என்பது கேள்வி இல்லை, கடைக்குக் கொடுக்கும் சீட்டு. அதற்கு இருபது பிடிஎஃப் வரும், ஒன்றையும் திறக்க மாட்டோம்.

நான் கேள்வி எழுதும்போது இவ்வளவும் இருக்கிறதா என்று பார்க்கிறேன்: எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், நான் என்ன செய்தேன், பிள்ளை என்ன சொன்னது அல்லது எழுதியது (பிள்ளையின் வார்த்தையிலேயே), எனக்கு எப்போது பதில் தேவை. கடைசியாகச் சொன்னதை லேசாக எண்ண வேண்டாம். "நாளை இரண்டாம் பாடவேளை" என்று போட்டால் ஆசிரியர்கள் பதறிக்கொண்டு பதில் சொல்கிறார்கள். அந்தப் பதற்றம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

தமிழில் தட்டச்சு செய்ய சோம்பலாக இருந்தால் கீபோர்டில் மைக்கை அழுத்திப் பேசுங்கள், தமிழை ஓரளவு நன்றாகவே பிடிக்கிறது. அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். "விசை" என்று சொன்னதை "மீசை" என்று அனுப்பி ஒரு நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பதில் வந்தபின் நன்றி சொல்லிவிட்டுக் காணாமல் போகாதீர்கள். செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், சரிவரவில்லை என்றாலும். நமக்காக நேரம் செலவழித்தவர் அடுத்த முறையும் பதில் சொல்ல அதுதான் காரணமாக இருக்கும்.

ஒன்பது பேர் போதும்

வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். சேர்க்க முடிகிறது என்பதற்காகச் சேர்த்துவிடுகிறோம். ஆயிரம் பேர் முன்னால், "எனக்கு இது தெரியவில்லை" என்று எழுத எந்த ஆசிரியருக்கு வாய் வரும்? அதிலேயே நம் வட்டாரக் கல்வி அலுவலரும் இருப்பார்.

அதனால் சின்னதாக ஒன்று தொடங்குங்கள். எட்டு முதல் பன்னிரண்டு பேர். ஒரே பள்ளிக்காரர்களாக வேண்டாம், ஸ்டாஃப் ரூம் சண்டை உள்ளே வந்துவிடும். ஒரே பாடக்காரர்களாகவும் வேண்டாம். எங்கள் குழுவில் ஒரு தமிழ் ஐயா இருக்கிறார். கணக்கில் வாக்கியக் கணக்கு வராத பிள்ளைகளைப் பற்றி அவர் சொல்வது வேறு யாருக்கும் தோன்றாது. ஓர் ஈராசிரியர் பள்ளி அக்கா இருக்கிறார், ஐந்து வகுப்பையும் இரண்டு பேராகப் பார்ப்பவர். தொடக்க வகுப்புகளுக்கு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே அறையில் மூன்று நிலைப் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது என்று எல்லோரும் தலையைச் சொறிந்தோம். அவர் மட்டும், "இதைத்தான்ப்பா நான் இத்தனை வருஷமா பேர் இல்லாம பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார்.

குழு விதி மூன்றுதான் வைத்திருக்கிறோம். ஃபார்வர்டு கிடையாது. வாழ்த்து கிடையாது. வியாழன் இரவு எட்டு முதல் எட்டே முக்கால் வரை ஒரே ஒரு கேள்வி, யார் முறையோ அவர் போடுவார். இந்த நேரம் குறித்துப் பேசும் பழக்கம் நம் கண்டுபிடிப்பு இல்லை. 2009-லேயே அமெரிக்க ஆசிரியர்கள் ட்விட்டரில் எட்சாட் என்ற ஹேஷ்டேக் வைத்து, செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு தலைப்பில் பேசத் தொடங்கினார்கள். நேரம் குறித்தால் மற்ற நேரத்தில் போனை எடுக்க வேண்டியதில்லை. எனக்கு அதில் இதுதான் பிடித்தது.

ஒரு நோட்டுப் பக்கம்

எங்கள் வியாழக்கிழமைகளில் அதிகம் பேசுவது பிள்ளைகளின் தப்புக் கணக்கைப் பற்றித்தான். ஆறாம் வகுப்பில் ஒருத்தி 503-லிருந்து 178-ஐக் கழித்து 475 என்று எழுதியிருந்தாள். நான் வழக்கம்போல் சிவப்பு மையில் சுழித்து, "கடன் வாங்கு" என்று எழுதினேன். மறுநாள் அதே மாதிரி இன்னொரு கணக்கு, அதே மாதிரித் தப்பு. நோட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கேள்வி ஒன்றுதான்: இவள் என்ன நினைத்துப் போடுகிறாள்?

ஈராசிரியர் பள்ளி அக்கா உடனே பிடித்துவிட்டார். ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறாள். ஐந்தில் ஒன்று போனால் நான்கு. பூஜ்யமும் ஏழும் இருந்தால் ஏழு. மூன்றும் எட்டும் இருந்தால் ஐந்து. கவனக்குறைவு இல்லை, அவளுக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறாள், அதைத் தவறாமல் பின்பற்றுகிறாள். "கடன் வாங்குன்னு நூறு தடவ சொன்னாலும் அவளுக்கு எங்க வாங்கறதுன்னே தெரியாது, நடுவுல பூஜ்யம் இல்ல? காசு குடுத்துப் பாருங்க" என்றார். விளையாட்டு நோட்டில் ஐந்து நூறு ரூபாய், மூன்று ஒரு ரூபாய் கொடுத்து, "178 ரூபாய்க்குச் சாமான் வாங்கிட்ட, கடைக்காரர்கிட்ட சில்லறை இல்ல, குடு பாப்போம்" என்றேன். ஒரு நூறைத் தானே எடுத்துக்கொண்டு வந்து, "பத்து ரூபாயா மாத்தித் தாங்க மிஸ்" என்றாள். பத்துப் பத்து ரூபாயில் ஒன்றை மறுபடி சில்லறையாக மாற்றினாள். கையில் 325 மிச்சம். அதற்குப் பிறகுதான் நோட்டுக்குப் போனோம்.

நோட்டைப் படம் எடுக்கும்போது கணக்கை மட்டும் எடுங்கள். மேலே பெயர், பிரிவு, பள்ளி முத்திரை எதுவும் தெரியக்கூடாது. நான் ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துக்கொண்டு எடுக்கிறேன்.

எந்த இடம் எதற்கு

வாட்ஸ்அப் பேச மட்டும் நல்லது. போட்டதைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சேமித்து வைக்க டெலிகிராம். புதிதாகச் சேர்பவருக்கும் பழைய செய்திகள் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம், ஹேஷ்டேக் வைத்துத் தேடலாம். நான் எனக்கு மட்டும் ஒரு டெலிகிராம் சானல் வைத்திருக்கிறேன், உறுப்பினர் நான் ஒருத்திதான். உருப்படியாக எதைப் பார்த்தாலும் #7அறிவியல், #6கணக்கு என்று போட்டு அங்கே தள்ளிவிடுவேன். ஜூன் மாதம் பாடக்குறிப்பு எழுதும்போது அது கைகொடுக்கிறது.

முகநூலில் இளவட்டங்கள் இல்லை என்று சொல்கிறார்கள். எனக்கு அது வசதி. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், நேரமும் வைத்திருக்கிறார்கள், நீளமாகவும் எழுதுகிறார்கள்.

யூடியூபைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பாடநூலிலேயே க்யூஆர் கோடு இருக்கிறது, 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் கிடைக்கின்றன. பிள்ளைக்குக் காட்ட அவை போதும். ஆனால் நாம் கற்றுக்கொள்வதற்குப் பார்க்கும்போது வேறு மாதிரிப் பார்க்க வேண்டும். சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அவர் கையில் என்ன இருக்கிறது, எதை எப்போது காட்டுகிறார், பிள்ளைகளின் கை எப்போது வேலை செய்கிறது என்பது மட்டும் தெரியும். பேச்சில் மயங்கி நல்ல பாடம் என்று நினைத்த பல வீடியோக்களில் சத்தம் போனதும் ஒன்றுமே மிஞ்சவில்லை. விளக்கத்தை நம்பி வகுப்புக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். மெழுகுவர்த்தியில் நான் பட்டது போதும்.

அரவிந்த் குப்தாவின் வீடியோக்கள் சத்தத்தை அணைத்துப் பார்க்கும் இந்தச் சோதனையில் தேறும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், குப்பைப் பொருளில் அறிவியல் பொம்மை செய்பவர், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். 1970-களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தோடு சேர்ந்து அவர் செய்தது, சைக்கிள் வால்வ் ட்யூபைச் சின்னச் சின்னதாக வெட்டி, தீக்குச்சிகளை இணைத்து வடிவம் செய்யும் வேலை. எனக்கு அதற்கு நாற்பது ரூபாய் ஆனது. சைக்கிள் கடைக்காரர் வால்வ் ட்யூப் கேட்டதும், "எத்தன வண்டி டீச்சர் வச்சிருக்கீங்க?" என்றார். நான்கு குச்சியில் சதுரம் செய்து பிள்ளை அழுத்தினால் சாய்ந்து சரிகிறது. மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்தினால் அசையவே இல்லை. மின்கோபுரத்தில் ஏன் முக்கோணமாகவே இருக்கிறது என்று கேட்காமலே ஒரு பையன் ஜன்னல் வழியாகக் கை காட்டினான். இந்த வீடியோ இரண்டு நிமிடம்கூட இருக்காது.

கையால் செய்ய முடியாதவற்றுக்கு, மின்சுற்று மாதிரியானவற்றுக்கு, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இருக்கிறது, திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் இணையதளம். இயற்பியலில் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. இலவசம், போனிலேயே ஓடும், தமிழிலும் பல உண்டு. சமூக ஊடகம் இல்லைதான், ஆனால் அதை யார் எப்படி வகுப்பில் பயன்படுத்தினார்கள் என்று கேட்கத்தான் குழு.

எக்ஸ், இன்ஸ்டாகிராம் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இன்ஸ்டாவில் வகுப்பறைச் சுவர் அலங்காரம் நிறையப் பார்த்தேன். அழகாக இருந்தது. ஒருநாள் இரவு பதினொன்றரை வரை சார்ட் ஓரத்துக்குப் பூ வெட்டிக்கொண்டிருந்தேன், அதோடு விட்டுவிட்டேன்.

குழந்தையின் முகம்

என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடத்துக்கு முன் அறிவியல் கண்காட்சியில் ஒரு பெண் தண்ணீர் வடிகட்டி செய்திருந்தாள். பாட்டில், மணல், கரி, கூழாங்கல். நன்றாகச் செய்திருந்தாள். அவளை நிற்க வைத்து, படம் எடுத்து, பள்ளிப் பெயரோடு முகநூலில் போட்டேன். நூற்று முப்பது லைக்.

நான்கு நாள் கழித்து அவள் அம்மா வந்தார். "எம்பொண்ணு போட்டோவ எங்கள ஒரு வார்த்த கேக்காமப் போட்டீங்களாமே டீச்சர்?" திருப்பூரில் இருக்கும் சித்தப்பா பார்த்திருக்கிறார். படத்தில் அவள் காலில் செருப்பு இல்லை, சட்டைத் தோளில் தையல் விட்டிருந்தது. "செருப்புக்கூட வாங்கித் தரலையா" என்று அங்கிருந்து போன். அந்த அம்மா சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் இன்னும் உறைக்கிறது. நான் பார்த்தது வடிகட்டியை; மற்றவர்கள் பார்த்தது காலை. அங்கேயே படத்தை அழித்தேன்.

அதன் பிறகு நான் போடும் படத்தில் கை மட்டும் இருக்கும், பொருள் மட்டும் இருக்கும். முகம் தேவையென்றால் பெற்றோரிடம் எழுதி வாங்குவேன். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. மார்க் பட்டியல், வருகைப் பதிவு, பெற்றோர் எண் இருக்கும் எமிஸ் ஸ்கிரீன்ஷாட், இவை எந்தக் குழுவுக்கும் போகக் கூடாது. சந்தேகம் கேட்கத்தான் ஸ்கிரீன்ஷாட் போடுகிறோம், ஓரத்தில் முப்பது குழந்தைகளின் பிறந்த தேதி இருக்கும்.

அரசுப் பள்ளிக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1973-ம் வருடத்துத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் நமக்கும் பொருந்தும். பாடம், பிள்ளை, கற்பித்தல் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அரசாணை மேல் இருக்கும் கோபத்தை இரவு பத்து மணிக்கு முகநூலில் கொட்டுவது வேறு. அதற்குச் சங்கம் இருக்கிறது.

ஃபார்வர்டு விரல்

நவம்பர் மழையில், "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று வரும் செய்தியில் பாதி போன வருடத்தது. தேதியை மட்டும் யாரோ மாற்றியிருப்பார்கள். ஆசிரியர் அனுப்பினால் பெற்றோர் நம்புவார்கள், அதனால் நம் விரலுக்குப் பொறுப்பு கூடுதல். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கையாவது மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆட்சியர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை. "நாசா அறிவித்தது" என்று தொடங்கும் அறிவியல் செய்திக்கும் இதே கதைதான். அவற்றை எட்டாம் வகுப்பில் எழுதிப் போட்டு, எப்படிச் சரிபார்ப்பது என்று பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறேன். ஒரு பாடவேளை சுவாரஸ்யமாகப் போகும்.

நேரம், நோட்டு, சான்றிதழ்

எனக்கு பஸ்ஸில் போக இருபத்தைந்து நிமிடம். காலையில் போகும்போது படிப்பேன், மாலையில் வரும்போது எழுதுவேன். வீட்டில் வியாழன் தவிர கிடையாது. உங்களுக்கு பஸ் இல்லையென்றால் வேறு ஏதாவது வேலி போட்டுக்கொள்ளுங்கள். வேலி இல்லாவிட்டால், பின்னம் பற்றித் தேடத் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து யாரோ ஒருவரின் பிரியாணி வீடியோவில் வந்து நிற்போம். எனக்கு நடந்திருக்கிறது, ஒருமுறை இல்லை.

கற்றதை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, யார் சொன்னது, எந்த வகுப்பில் செய்தேன், என்ன ஆச்சு. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அது இன்னும் கற்றதாகாது. பொதுமுடக்கத்தில் நான் வாங்கிய இ-சான்றிதழ்கள் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன, 62. அவற்றில் பெரும்பாலானவற்றில் வீடியோவையும் மைக்கையும் அணைத்துவிட்டு சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வியாழன் என் முறை. நான் போட்டிருக்கும் கேள்வியை அப்படியே தருகிறேன், எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரியாக இருக்கட்டும்:

"ஆறாம் வகுப்பு, 27 பேர். பின்னக் கூட்டல். 1/2 + 1/3 = 2/5 என்று ஒருத்தி போட்டிருந்தாள். மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டக் கூடாது என்றேன். பாதி ரொட்டியே 2/5-ஐ விடப் பெரிசு, அதோடு இன்னும் சேர்த்தால் எப்படிக் குறையும் என்று படம் போட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து, 'போன வாரம் கபடியில ரெண்டு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம், இந்த வாரம் மூணுல ஒண்ணு ஜெயிச்சோம். மொத்தம் அஞ்சுல ரெண்டுதான மிஸ்? அது மட்டும் எப்படி சரி?' என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். ரொட்டிக்கும் கபடிக்கும் என்ன வித்தியாசம் என்று பதினோரு வயசுக்கு எப்படிச் சொல்வது? திங்கள் முதல் பாடவேளை."

இதுவரை மூன்று பதில். தமிழ் ஐயா, "கூட்டல்னு ஒரே சொல்ல ரெண்டு வேலைக்கு வச்சிருக்கோம், அதான் சிக்கல்" என்று எழுதியிருக்கிறார். ஈராசிரியர் பள்ளி அக்கா, ரொட்டியில் முழுசு ஒன்றுதான், கபடியில் வாரத்துக்கு வாரம் முழுசே மாறுகிறது, அதைக் கூழாங்கல் வைத்துக் காட்டலாமா என்று யோசிக்கிறார். ராமநாதபுரம் சார் வழக்கம்போல் விளக்கம் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணையே போர்டுக்குக் கூப்பிட்டு ரெண்டையும் வரையச் சொல்லுங்க. நீங்க பின்னாடி பெஞ்சுல போய் உக்காருங்க."